மொதல்ல தண்ணி

ஸ்கூட்டரிலிருந்து நான் விழுந்த கதையை அந்தம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

கதை எளிமையானது. நாய் குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன், விழுந்தேன், முழங்கால் பெயர்ந்தது. வீட்டில் சொன்னேன், கட்டுப் போட்டவரிடம் சொன்னேன், டீக்கடையில் இரண்டு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நாய் கொஞ்சம் வளர்ந்துகொண்டே வந்தது. என் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தபோது அது ஏறக்குறைய கன்றுக்குட்டி உயரம். மூலையில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்த அந்தம்மா நிமிராமலே கேட்டார்.

"மொதல்ல நாய் வந்துச்சா சார், மொதல்ல நீங்க வுழுந்தீங்களா?"

"நாய்தான் வந்தது."

"எந்தப் பக்கத்துல இருந்து?"

"இடது பக்கம்."

"நீங்க எந்தப் பக்கம் வுழுந்தீங்க?"

"இடது பக்கம்."

"அப்ப நாய் மேல இல்ல வுழுந்திருக்கணும்? நாய்க்கு அடி படலியா?"

யோசித்தேன். யோசிக்க யோசிக்க வெட்கமாக இருந்தது. நாய் வந்ததென்னவோ உண்மை. ஆனால் நான் கீழே கிடந்து மூக்குக்கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. என்ன சத்தமென்று பார்க்க வந்திருக்க வேண்டும். என் செருப்பை முகர்ந்துவிட்டு, பெரிய விஷயமில்லை என்பதுபோலப் போய்விட்டது. நான் விழுந்ததற்குக் காரணம் ரோட்டிலிருந்த மணல். மணலை நான் பார்க்காததற்குக் காரணம், ஒரு கட்டுரைக்கு நல்ல தலைப்பாக யோசித்துக்கொண்டிருந்தது.

"பாவம், வாயில்லாத ஜீவன்," என்றார் அந்தம்மா. "பாக்க வந்தது மேல பழியப் போட்டுக்கினு ஊரெல்லாம் சுத்திக்கினு கீறீங்க."

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'மொதல்லம்மா'. சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால், 'பேர எழுதலாமான்னு மொதல்ல என்ன கேட்டீங்களா?' என்றிருப்பார்.

சித்தூரில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஸ்தல புராணம், தமிழிலும் தெலுங்கிலும். இடையிடையே நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி நானே அச்சிட்டு நானே நண்பர்களுக்குக் கொடுப்பேன். அவர்களும் நல்லவர்கள், வாங்கிக்கொள்வார்கள். அந்தம்மாவுக்குப் புத்தலப்பட்டுப் பக்கத்தில் ஒரு காலனி. மாங்காய் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவார். சீசன் முடிந்ததும் பஸ் ஏறி என் அச்சகத்துக்கு வருவார். தாள் மடிப்பது, மடித்த பாரங்களைப் பக்க வரிசையில் அடுக்குவது, பின் அடிப்பது. தமிழும் படிக்கத் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஃபேக்டரியில் தட்டுக்குத் தட்டு எண், பஸ்ஸுக்கு எண், ரேஷன் கார்டுக்கு எண், போனில் மருமகளுக்கு எண். அந்த எண்களை வைத்துக்கொண்டு, பண்டிதர்கள் எழுதிய நூல்களையெல்லாம் ஒரு பக்கம் பிசகாமல் அடுக்கினார்.

இது சின்ன விஷயமில்லை. அவர் வருவதற்கு முன்னால் என் முதல் புத்தகத்தை வேறொருவர் அடுக்கினார். பதினாறாம் பக்கத்துக்கு அடுத்து முப்பத்துமூன்று. நடுவில் பதினாறு பக்கம், ஒரு முழுப் பாரமே காணோம். நான் கவனிக்கவில்லை. படித்தவர்களும் கவனிக்கவில்லை. நடை கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று ஒருவர் கடிதம் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து, அலமாரியைத் துடைக்கும்போது அந்தம்மா ஒரு பிரதியைப் புரட்டிப் பார்த்து, "சார், பதினாறுக்கு அப்பால முப்பத்திமூணு கீது" என்றார். என்னை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று சொல்லிக்கொள்வேன், படிக்கத் தெரியாதவர் என்றாலும்.

'மொதல்ல இன்னா, அப்பால இன்னா?' இதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கேள்வி. எங்கள் கம்ப்யூட்டரில் எழுத்தடிக்கும் லாவண்யா, ஞாயிற்றுக்கிழமை பார்த்த சினிமாவைத் திங்கட்கிழமை சொல்லுவாள். பாதிக் கதையில், "அப்புறம் ஃபிளாஷ்பேக் வரும் அத்தே, இருபது வருஷத்துக்கு முன்னாடி" என்பாள். அந்தம்மா மடித்த தாளைக் கீழே வைத்துவிடுவார்.

"செத்தவன் எப்டிடி திரும்ப வந்தான்?"

"திரும்ப வரல அத்தே. இது அதுக்கு முந்தி நடந்தது."

"முந்தி நடந்தத முந்தியே காட்டறதுக்கு இன்னா? அவங்கிட்ட துட்டு இல்லியா?"

இந்தக் கட்டுரையையே அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். நான் விழுந்ததில் ஆரம்பித்திருக்கிறேன்.

சிரிப்பாக இருக்கும்வரை இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது. சிரிப்பில்லாத இடத்திலும் அவர் கேட்பதை விடமாட்டார் என்பதுதான் சங்கடம். அவர் காலனியில் ஒருவன் பாம்பு கடித்துச் செத்தான். மூன்று நாள் கழித்து அவன் பெண்சாதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அப்பனைத் தின்றுவிட்டது என்று கிழவிகள் ஆரம்பித்தார்கள். குழந்தையை யாரும் தூக்கவில்லை. அந்தம்மா நேராக அந்த வீட்டுக்குள் போய்க் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாராம்: "பாம்பு கடிச்சது செவ்வாக்கெழம. இது பொறந்தது வெள்ளிக்கெழம. பொறக்காத புள்ள வயித்துல இருந்துக்கினே கைய நீட்டி பாம்ப புடிச்சி வுட்டுச்சா?" ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். "நாள எண்ணத் தெரியாதுன்னா சொல்லு, நான் எண்ணி குடுக்கறேன்" என்றாராம். அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். அந்தக் கிழவிகளில் இரண்டு பேர் அந்தம்மாவோடு கடைசிவரை பேசவில்லை.

அவருக்கு ஏன் இப்படியொரு பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். தாள் மடித்துக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

காலனியில் பதினோரு குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சர்க்கார் ஒருநாள் மலையடிவாரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் கொடுத்தது. முள்ளும் கல்லுமான மேடு. தண்ணீர் இல்லாமல் அங்கே ஒன்றும் விளையாது. பதினோரு குடும்பமும் சேர்ந்து முறை வைத்துக் கிணறு வெட்டினார்கள். நாற்பது அடி போயும் ஈரமில்லை. பாதிப் பேர் விட்டுவிட்டுக் கூலிக்குத் திரும்பினார்கள். அந்தம்மாவின் புருஷன் விடவில்லை. மண் நிறத்தைப் பார்த்து இன்னும் நாலடி என்றார்.

அது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். கீழே அவர். மேலே கப்பியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது அந்தம்மா. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூடை ஆடியது, இழுத்தார். கூடையில் மண் கறுப்பாக இருந்தது. மண்மேல் அவர் கஞ்சி கொண்டுபோன தூக்குப்போசியின் மூடி. மூடியில் கலங்கின தண்ணீர்.

"நாலு வெரக்கட தண்ணி சார். தளும்பிக்கினு வந்துச்சி. கீழ இருந்து கத்தறாரு, 'குடிச்சி பாரு, உப்பா கீதா?'ன்னு. ஒரு மொடக்கு குடிச்சேன். மண்ணுவாசன. ஆனா உப்பு இல்ல. குனிஞ்சி சொன்னேன், 'உப்பு இல்ல, இனிச்சிக்கினு கீது'ன்னேன். 'ஹோ'ன்னு ஒரு சத்தம் போட்டாரு. சந்தோசத்துல. அப்பால மேக்கால மண்ணு சரிஞ்சிது."

மூடி அந்தம்மா கையிலேயே இருந்ததாம்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் மண்ணை வாரினார்கள். ஆளை வெளியே எடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. எடுத்த பள்ளத்தில் தண்ணீர் ஊறி, விடிவதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது. அன்றைக்கிலிருந்து அந்தக் கிணறு வற்றியதில்லை. வேர்க்கடலை போட்டார்கள், பிறகு மாஞ்செடி வைத்தார்கள். பதினோரு குடும்பமும் நிமிர்ந்தது. கிணற்றடியில் மூன்று கல் நட்டு 'கிணத்தய்யா' என்றார்கள். பிறகு கூரை வந்தது, மணி வந்தது, மைக்செட் வந்தது. கதையும் வந்தது: ஊர்த் தெய்வம் கெங்கம்மா ஓர் உயிர் கேட்டாள், கொடுத்தார்கள், உயிர் போன இடத்தில் ஊற்று பிறந்தது.

கதையைச் சொன்னவர் அந்தம்மாவின் கொழுந்தன் முனிரத்தினம். கோயில் கமிட்டித் தலைவர். ஒவ்வொரு சித்திரையிலும் பொங்கல் வைத்ததும் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லுவார். 'அண்ணன் உயிர் போச்சி, தண்ணி வந்துச்சி' என்ற இடம் வந்ததும், பெண்கள் கூட்டத்திலிருந்து அந்தம்மா எழுந்து நிற்பார்.

"மொதல்ல தண்ணி."

அவ்வளவுதான். கூட்டம் சிரிக்கும். "அண்ணி, உக்காரு" என்பார் முனிரத்தினம். கதை அதோடு நின்று, இலை போடப் போய்விடுவார்கள். வருஷா வருஷம் இது நடந்து நடந்து, அதுவும் திருவிழாவில் ஒரு சடங்காகிவிட்டது. சில பெண்கள் அவரோடு சேர்ந்தே "மொதல்ல தண்ணி" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கேலியாகவா, பாசமாகவா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

முனிரத்தினம் ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். கிணத்தய்யாவுக்கு ஒரு புராணம் அச்சடிக்க வேண்டும். வலது பக்கம் தமிழ், இடது பக்கம் தெலுங்கு, ஏனென்றால் காலனிப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச மட்டுமே வரும். முந்நூறு பிரதி. எழுதுவதும் நானே.

இங்கேதான் என் படிப்பு வந்து கெடுத்தது. நான் நாலெழுத்து படித்தவன். கன்னி விழுந்த பாறையில் சுனை, துறவியின் தலை உருண்ட இடத்தில் ஊற்று, வீரனும் குதிரையும் செத்த இடத்தில் குளம் என்று ஊர் ஊராக, தேசம் தேசமாகப் படித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதலில் சாவு, பிறகு தண்ணீர். உலகமே ஒரு வரிசையில் சொல்லும்போது புத்தலப்பட்டு மட்டும் மாற்றிச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? தவிரவும், தூக்குப்போசி மூடியை வைத்துக்கொண்டு புராணம் எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தம்மா தினமும் கேட்டார். "எழுதிட்டீங்களா சார்? மொதல்ல தண்ணிதான?"

"ஆமாம், ஆமாம்."

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த வரி இது: 'அன்னவர்தம் இன்னுயிர் மண்ணோடு கலந்தது. பாறை நெகிழ்ந்து, பாதாள கங்கை பொங்கி மேலெழுந்தாள்.' எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பொய் எழுதும்போது எனக்கு நடை நன்றாக வரும்.

அச்சாகி வந்தது. மடித்தவர் அந்தம்மா. அடுக்கியவர், பின் அடித்தவர் எல்லாம் அந்தம்மாதான். தன் புருஷன் கதையை, ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்று ஒரு பக்கம் தவறாமல் முந்நூறு பிரதியும் கட்டி முடித்தார். முடித்துவிட்டுக் கடைசிப் பிரதியை முந்தானையில் துடைத்து, லாவண்யாவிடம் நீட்டினார். "படிச்சி காட்டுடி."

லாவண்யாவுக்கு ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. பதினோராம் பக்கம் வந்தது. படித்தாள்.

அந்தம்மா கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"திரும்ப படி," என்றார். படித்தாள். "தெலுங்குல?" அதையும் படித்தாள். தெலுங்கிலும் உயிர் முதலில் போயிருந்தது. மொழிபெயர்ப்பில் நான் ரொம்ப நேர்மை.

"ஆமாம் ஆமாம்னீங்களே சார்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கோழைகளுக்கு வருகிற யோசனை எனக்குச் சீக்கிரம் வரும். "ஒன்று செய்யலாம்மா. அந்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டு அடித்து ஒட்டிவிடுவோம். தண்ணீரும் உயிரும் ஒரே நேரத்தில் என்று. உங்களுக்கும் சரி, முனிரத்தினத்துக்கும் சரி."

"ஒரே நேரத்துல எதுவும் நடக்காது சார். ரெட்டப்புள்ளயே ஒண்ணு பொறந்து அப்பால தான் ஒண்ணு பொறக்குது."

"இத்தனை வருஷம் ஆச்சு. யார் முதலில், எது முதலில் என்பதில் இப்போது என்னம்மா இருக்கிறது? சாமியாகவே கும்பிடுகிறார்களே."

இப்படித்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதவற்றில் இதுவும் ஒன்று. அவர் கையிலிருந்த பிரதியின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே சொன்னார்.

"செத்ததனால தண்ணி வந்துச்சின்னா, யாரு செத்திருந்தாலும் வந்திருக்கும் சார். ஒரு ஆட்ட வெட்டியிருந்தாகூட வந்திருக்கும். மண்ண பாத்து, மோந்து பாத்து, எல்லாரும் வுட்டுட்டு போனப்பறம் நாலு அடி தோண்டனது யாரு? தண்ணிய அவரு கண்ணால பாத்தாரு. மூடில மோந்து எனக்கு குடுத்து வுட்டாரு. அது அவரு கண்டுபுடிச்ச தண்ணி. நீங்க எழுதனதுல, அது அவர துன்ன தண்ணி."

லாவண்யா எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு அந்த வசதி இல்லை, முதலாளி.

முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். அந்தம்மா உள்ளே இருக்க, அவரை எதிர்க்கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனேன். பதினோராம் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்துவிடலாமா என்றேன். டம்ளரை வைத்துவிட்டார்.

"நான் சேதி கேட்டு ஓடி வந்தப்ப அண்ணன் மண்ணுக்குள்ள சார். அண்ணன தூக்கனப்பறம் தான் தண்ணி வந்துச்சி. நான் பாத்தத தான சொல்றேன்? பொய்யா சொல்றேன்?"

"அந்தம்மா பார்த்தது வேறு இல்லையா?"

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு உள்ள எறங்க வேண்டியது நான்" என்றார். "என் மொற. நான் ஏர்பேட்டுக்கு பொண்ணு பாக்க போயிட்டேன். கெங்கம்மா உயிரு கேட்டா, அவரத்தான் கேட்டான்னா, சரி, தாங்கிக்கலாம். தண்ணி சும்மா வந்துச்சி, மண்ணு சும்மா சரிஞ்சிதுன்னு வச்சிக்க சார். அப்ப அங்க யாரு நின்னிருக்கணும்?"

நான் டீயைக் குடித்து முடித்து, இரண்டு டீக்கும் காசு கொடுத்தேன்.

திரும்பி வந்து அந்தம்மாவிடம் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை.

"பொண்ணு பாக்க அனுப்பனதே அவருதான் சார். 'நீ போடா, இன்னிக்கி நான் எறங்கறேன்'னு சொக்காய் குடுத்து அனுப்பனாரு. அது எல்லாத்துக்கும் மொதல்ல. இவன் அத்த மறந்துட்டு, பின்னால இருந்து எண்ணிக்கினு கீறான்." கையிலிருந்த பிரதியை வைத்துவிட்டு, "மாத்தறதுக்கு ஒத்துக்கினானா?"

"இல்லை."

"நீங்க?"

ஒரு பாரத்தை நானே என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கலாம். அரை நாள் வேலை. அது எனக்கு அப்போது தோன்றாமல் இல்லை. கமிட்டித் தலைவர், அடுத்த ஊர்க் கோயில்களுக்கும் சொல்லக்கூடியவர், வாடிக்கை என்றெல்லாம் அதைவிடச் சத்தமாகத் தோன்றியது.

அந்தம்மா என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். கேட்டு எடுக்கவில்லை. லாவண்யாவைக் கூப்பிட்டார்.

"இதுல தண்ணி எங்க கீது, விரல் வச்சி காட்டு."

காட்டினாள்.

"சாவு?"

அதையும் காட்டினாள். தெலுங்குப் பக்கத்திலும் இரண்டு இடம். அந்தம்மா தண்ணீர் தொடங்கும் இடத்தில், வரிக்கு மேலே, 1 என்று போட்டார். சாவு தொடங்கும் இடத்தில் 2. எழுதிப் பழகாத கை. இரண்டின் வால் நீண்டு அடுத்த சொல்லில் போய் முட்டியது. ஒரு பிரதி முடித்து ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார். எல்லாப் பிரதியிலும் வரி ஒரே இடத்தில்தானே இருக்கும்? நாலைந்து பிரதிக்குப் பிறகு லாவண்யாவைக் கேட்கவே இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்தார். பிரதிக்கு நாலு எண். ஒரு பேனா தீர்ந்தது. இன்னொன்று கொடுத்தேன். அந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். மற்றபடி கம்ப்யூட்டருக்கு முன்னால் வேலையிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளரின் சரக்கில் ஒருவர் கிறுக்குகிறார். தடுப்பது என் கடமை. நடுவில் எழுந்து போய், என் வாக்கியங்களை இடம் மாற்றிப் படித்துப் பார்த்தேன். பொருந்தியது. நல்லவேளை, இரண்டுக்கும் நடுவில் 'உடனே' என்றொரு சொல் போட நான் சோம்பல்பட்டிருந்தேன்.

கட்டி அனுப்பிவிட்டோம். முனிரத்தினம் பிரிக்கவில்லை, கிணத்தய்யா முன்னால் வைத்துத்தான் பிரிப்பது என்று சொல்லியிருந்தார்.

திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எழுதியவரென்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் உட்கார்ந்தால் தப்பிக்க வசதி என்று நினைத்திருந்தேன். பதினோரு பானையும் பொங்கி முடிந்த நேரம். வெயில் தலைக்குமேல். கட்டுப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை என்று கொடுத்தார்கள். பிள்ளைகள் தெலுங்குப் பக்கத்தையும், பெரியவர்கள் அட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் வெள்ளைச் சட்டையில், மைக்கும் புத்தகமுமாக நின்றார். அந்த வருஷம் வாயால் சொல்லவில்லை, புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். பள்ளிப் பிள்ளைபோல் விரல் வைத்துப் படித்தார். ஊர் வந்தது, பட்டா வந்தது, கிணறு வந்தது. என் அலங்காரங்களில் இரண்டு இடத்தில் தடுக்கினார்.

பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. அவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய எழுத்து என்று கேட்க வேண்டியதில்லை. அப்படி வால் நீண்ட இரண்டு அவர் வீட்டு ரேஷன் கார்டின் பின்னால்கூட இருக்கும். பெண்கள் கூட்டத்தில் அந்தம்மா அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் சிரிப்புக்குத் தயாராகத் திரும்பினார்கள். ஒரு பையன் கையிலிருந்த புத்தகத்தின் தெலுங்குப் பக்கத்தைப் பார்த்து, "பெத்தம்மா, இதுல நம்பர் போட்டிருக்கு" என்றான்.

முனிரத்தினம் விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார்.

"பாறை நெகிழ்ந்து, பாதாள கங்கை பொங்கி மேலெழுந்தாள்."

அந்தம்மாவின் வாய் திறந்திருந்தது. திருத்துவதற்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் எழுந்து, அதைச் சொல்லி, உட்கார்ந்து பழகிய உடம்பு. சொல்லாமல் எப்படி உட்காருவதென்று தெரியாமல் நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

முனிரத்தினம் புத்தகத்தை மூடப் போனார். "போதும் இல்ல அண்ணி? எல போட சொல்லட்டுமா?"

"அப்பால ஒண்ணு கீதே, நைனா," என்றார் அந்தம்மா. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "ரெண்டு. அத்தயும் படி."

இருபது வருஷத்துக்கு மேலாக, தகராறு முதல் வரியிலேயே முடிந்து இலை போடப் போய்விடுவார்கள். அந்த இரண்டாவதற்கு யாரும் போனதில்லை, அந்தம்மாவும்தான்.

முனிரத்தினம் புத்தகத்தைத் திறந்தார். இன்னுயிர், மண்ணோடு கலந்தது என்று நான் இழைத்து இழைத்து எழுதிய வரி அங்கே இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு, அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பால மண்ணு சரிஞ்சிது. எங்கண்ணன் செத்துட்டாரு."

"ஆமா," என்றார் அந்தம்மா.